குளுதாடியில் கொட்டிய சோறு

போன வருஷம் பிள்ளைகளுக்குக் கால் பரீட்சை லீவு விட்ட சமயம். ஆனைமலைக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்புக்கு மகன், மருமகள், பேத்தியோடு ரெண்டு நாள் தங்கப் போயிருந்தேன். வீட்டுக்குள் தங்குவது இல்லைங்க. தோப்பு நடுவில் துணியில் கூடாரம் அடித்துக் கொடுக்கிறார்கள். அதில் படுத்துக்கொள்ளலாம். காலையில் பால் கறப்பதைப் பார்க்கலாம், தேங்காய் பறிப்பதைப் பார்க்கலாம், வாய்க்காலில் குளிக்கலாம். நிஜமாகவே வெள்ளாமை நடக்கிற தோட்டம்தான்.

மகன் இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் பாக்காத தோட்டமா கண்ணு? முப்பது வருஷம் அதுக்குள்ளதான கெடந்தேன். பால் கறக்கறதைப் பாக்க இங்கிருந்து காரெடுத்துப் போகோணுமா?" என்றேன். பேத்திதான் விடவில்லை. "நீங்க வந்தாத்தான் ஆயா நான் போவேன்" என்று ஒரே பிடிவாதம்.

நானும் என் வீட்டுக்காரரும் சூலூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் பண்ணையத்துக்கு இருந்தவர்கள், அதாவது தோட்டத்திலேயே குடியிருந்து கூலி வேலை பார்த்தவர்கள். பையன் படித்து ஒரு கம்பெனியில் வேலைக்குப் போன பிறகுதான் ஊருக்குள் ஒரு வீடு என்று வந்தோம். அவர் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச வராது. பழகின ஆளாக இருந்தால் பேசுவேன். புது ஆள் என்றால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இது சின்ன வயசிலிருந்தே.

காரில் போகும்போது மகன் ஒன்று சொன்னான். "அம்மா, அங்க போயி அவங்களை அந்தப் பழைய வார்த்தை சொல்லிக் கூப்பிட்றாதீங்க. நாம இப்ப விருந்தாளி." எந்த வார்த்தை என்று அவன் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். தோட்டத்துக்காரரைப் பண்ணாடி என்றும் அவர் சம்சாரத்தைப் பண்ணாடிச்சி என்றும்தான் நாங்கள் கூப்பிடுவோம். வேறு மாதிரி கூப்பிட்டு எங்களுக்குப் பழக்கமில்லை. சரி கண்ணு என்றேன்.

சனிக்கிழமை காலையில் போய்ச் சேர்ந்தோம். தோட்டத்து அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கேட்டுக்கே வந்து, "வாங்கம்மா, வாங்க கண்ணு" என்று என் கையில் இருந்த பையை வாங்கிக்கொண்டார். நாற்காலி போட்டார்கள். இளநீர் வெட்டி என் கையில் கொடுத்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து குடித்தேன். பாதிதான் உள்ளே போனது. தோட்டத்துக்காரர் வீட்டு அம்மா நின்றுகொண்டிருக்க நான் உட்கார்ந்து இளநீர் குடிப்பதா என்று உடம்பெல்லாம் கூசியது.

அதற்குப் பிறகு நான் உட்காரவே இல்லை. கூடாரத்துக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் மாட்டுக் கட்டுத்தரை. அங்கே போன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. கறவை மாடு ரெண்டு, செவலைக் கெடேரி ஒன்று. கெடேரி ஏழு மாசச் சினை, முதல் கன்று. நல்ல பளபளப்பு. நெற்றியில் மட்டும் ஒரு பிடி வெள்ளை.

மாடு பார்க்கிற பெண்ணுக்கு நாற்பது வயசு இருக்கும். அவளும் எங்களை மாதிரி பண்ணையத்துக்கு இருப்பவள்தான். தோட்டத்து மூலையில் வீடு. சாணி கூட்டிக்கொண்டிருந்தாள். இன்னொரு விளக்குமாறு கிடந்தது. நான் அதை எடுத்து இந்தப் பக்கம் கூட்ட ஆரம்பித்தேன். நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏனுங்கம்மா, காசு குடுத்துத் தங்க வந்துபோட்டு எஞ் சோலியை நீங்க செய்யறீங்க? எஞ் சம்பளத்துல பாதி கேப்பீங்களாட்ட இருக்குதே!"

"சும்மா உக்காந்தா மேலெல்லாம் கடுக்குது அம்மணி" என்றேன்.

"அப்பச் சரிங்க. சாணிக்கூடையும் அங்கதான் இருக்குது. எடுத்துக்கங்க" என்று சிரித்தாள்.

ரெண்டு பேரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அந்தக் கெடேரி பிறந்த மூணாம் மாசமே தாய்மாடு போய்விட்டதாம். இவள்தான் சட்டியில் பால் ஊற்றி, விரலைச் சூப்பக் கொடுத்து வளர்த்தாளாம். "எம் புள்ளையப் பொள்ளாச்சியில கட்டிக் குடுத்துப்போட்டேன். இப்ப என்ற ஊட்டுல இதுதானுங்க புள்ளை" என்று அதன் கழுத்தைச் சொரிந்துகொடுத்தாள். அதுவும் தலையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றது.

அன்று மத்தியானம் அஞ்சு குடும்பம் வருவதாக இருந்ததாம். மழை மூட்டம் போட்டதால் ரெண்டு குடும்பம் வரவில்லை. சமையல் எல்லாருக்கும் ஆகிவிட்டது. சாப்பிட்டு முடித்தபோது பெரிய அண்டாவில் பாதிக்கு மேல் வெள்ளைச்சோறு அப்படியே இருந்தது. சமையல்காரர் அதைக் குப்பைக்குழியில் கொட்டுவதற்குத் தள்ளுவண்டியில் ஏற்றினார்.

எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லைங்க. நாங்கள் பண்ணையத்தில் இருந்த காலத்தில் களியும் கம்பஞ்சோறும்தான். நெல்லுச்சோறு நோம்பி பண்டிகைக்குத்தான். சட்டி கழுவுகிற தண்ணியில் ஒட்டியிருக்கிற பருக்கை கூடக் குளுதாடிக்குத்தான் போகும். குளுதாடி என்றால் மாட்டுக்குக் கழுநீர் ஊற்றி வைக்கிற தொட்டி. மிஞ்சினது எதுவானாலும் குளுதாடியில் கொட்டு என்றுதான் என்னை வளர்த்தார்கள். அந்தச் சோறு குழிக்குப் போவதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"ஏனுங்க, அதை மாட்டுக்கு வெக்கட்டுங்களா?" என்றேன். சமையல்காரர் வெளியூர் ஆள், அன்று மத்தியானச் சமையலுக்கு மட்டும் வந்தவர். "எடுத்துக்கங்கம்மா, எனக்கு ஒரு நடை மிச்சம்" என்றார்.

மாடு பார்க்கிற பெண் மகளைப் பார்க்கப் பொள்ளாச்சி பஸ் ஏறியிருந்தாள். கறவை மாடு ரெண்டும் தோப்புக்குள் மேய்ச்சலில் கட்டியிருந்தன. கெடேரி மட்டும் கட்டுத்தரையில் நின்றது. நானும் பேத்தியும் குண்டாவில் அள்ளி அள்ளி ஆறேழு நடை சுமந்தோம். குளுதாடியில் கொட்டி, கழுநீரை ஊற்றிப் பிசைந்து விட்டேன். கெடேரி மூஞ்சியை முக்கால்வாசி உள்ளே விட்டுத் தின்றது. கண்ணை மூடிக்கொண்டு தின்றது. பேத்தி கை தட்டினாள். எனக்கு வயிறு குளிர்ந்துபோனது. பொய் சொல்லவில்லை, அன்று முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது அந்த அரைமணி நேரம்தான். தொட்டி அடி தெரிகிற வரைக்கும் நக்கிவிட்டு அது என் கையையும் நக்கியது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்து எழுந்தபோது கட்டுத்தரைப் பக்கம் பேச்சுச் சத்தம். போய்ப் பார்த்தேன். கெடேரி படுத்திருந்தது. இடது பக்க வயிறு பானை மாதிரி ஊதியிருந்தது. அசைபோடவில்லை. பின்னால் நீராகக் கழிந்திருந்தது. அதில் ஒரு புளித்த நாற்றம். மாடு பார்க்கிற பெண் அதன் வாலைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். "எந்திரிக்க மாட்டீங்குதுங்க, எந்திரிக்க மாட்டீங்குதுங்க" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

தோட்டத்துக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். நல்ல மனுசன்தான். ஆனால் அன்று காலை அவர் குரல் ஏறிவிட்டது.

"நேத்து என்னத்தைப் புள்ள போட்ட?"

"வழக்கம்போலத்தானுங்க. சோளத்தட்டும் தவுடுந்தானுங்க."

"வழக்கம்போலப் போட்டா இப்படி ஆகுமா? அவுத்துட்டுக் காட்டுல விட்டுப்போட்டு நீ பொள்ளாச்சி போயிட்ட. இளஞ்சோளத்துல வாய் வெச்சுருச்சு, அது மாட்டுக்கு விஷமாச்சே. அதானே?"

"கயித்தையே அவுக்கலைங்க. எம் புள்ளை மேல சத்தியமுங்க."

"உம் புள்ளை மேல சத்தியம் பண்ணு. எம் மாடு எந்திரிச்சிருமா?"

நான் நாலடி தள்ளி ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தேன். அந்தப் புளித்த நாற்றம் வந்தபோதே எனக்குத் திக்கென்றது. சோறாக இருக்குமோ என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. சோறு தின்று எங்காவது மாட்டுக்கு ஆகாமல் போகுமா என்று இன்னொரு குரல். பேத்தி பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்தாள். "ஆயா, இது நாம சோறு வெச்ச மாடுதானே?" என்று காதருகே கேட்டாள்.

நான் அவள் கையை அமுக்கினேன். சத்தம் போடாதே என்று அமுக்கினேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் பேசவில்லை.

ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு இருபத்தஞ்சு வயசில், நாங்கள் பண்ணையத்துக்கு இருந்த ஒரு தோட்டத்தில் உழவு எருது ஒன்று செத்துப்போனது. எதனால் செத்தது என்று யாருக்கும் தெரியாது. பழி என் வீட்டுக்காரர் மேல் விழுந்தது. எல்லார் முன்னாலும் அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றதையும், அந்த வாரமே சட்டி முட்டியைத் தூக்கிக்கொண்டு, கைக்குழந்தையோடு வேறு தோட்டம் தேடி நடந்ததையும் நான் மறக்கவில்லை. மாடு செத்த இடத்தில் வாயைத் திறந்தால் நாம் தொலைந்தோம் என்று அன்று புத்தியில் பதிந்தது. நாற்பது வருஷம் கழித்து, மகன் காரில் விருந்தாளியாக வந்த இடத்திலும் அதே பயம்தான் என் வாயைக் கட்டியது. என் வீட்டுக்காரர் நின்ற மாதிரியே எதிரில் ஒருத்தி தலை குனிந்து நிற்கிறாளே என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

எட்டு மணிக்கு மாட்டு டாக்டர் வந்தார். வயிற்றைத் தட்டிப் பார்த்தார். என்ன தின்றது என்று அவரும் கேட்டார். இளஞ்சோளமாக இருக்கும் என்று தோட்டத்துக்காரர் சொன்னார். இல்லவே இல்லை என்று அந்தப் பெண் அழுதாள். டாக்டர் ரெண்டு ஊசி போட்டார், வாயு இறங்க ஏதோ மருந்து ஊற்றினார். இன்னொரு ஊரில் மாடு கன்று போட முடியாமல் கிடக்கிறது, போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். அவர் பைக் என்னைத் தாண்டித்தான் போனது. கையை நீட்டியிருந்தால் நிறுத்தியிருப்பார். நீட்டவில்லை.

கூடாரத்துக்குப் போய் மகனிடம் மெதுவாகச் சொன்னேன். அவன் மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். "சோறு தின்னா மாடு சாகுமாம்மா? மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. பதினோரு மணிக்குக் கிளம்பறோம்" என்றான். அவன் மேல் நான் பழி போட மாட்டேன். மாடு கன்று தெரியாமல் வளர்ந்த பிள்ளை. அவன் அப்படிச் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

பத்து மணி வாக்கில் மனசு கேட்காமல் மறுபடி போனேன். கெடேரி இப்போது கழுத்தை வளைத்துத் தன் வயிற்றுப் பக்கம் முகத்தைச் சாய்த்துக் கிடந்தது. தோட்டத்து அம்மா புடவையோடு சாணித் தரையில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் வைத்திருந்தார். எப்போதாவது ஒரு முறை பல்லை நறநறவென்று கடித்தது. அந்தச் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை.

எப்படி வாயைத் திறந்தேன் என்று தெரியாது. முதலில் வந்தது எந்த வார்த்தை தெரியுமா? மகன் சொல்லாதே என்று சொன்ன வார்த்தைதான்.

"பண்ணாடிச்சிங்க... நாந்தானுங்க. நேத்துச் சோறு மிஞ்சுனதை நாந்தானுங்க குளுதாடியில கொட்டுனேன். பாதி அண்டாச் சோறுங்க."

கைகூப்பி நின்றேன். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். அடிக்க வந்திருந்தால்கூட எனக்குப் பழகினதாக இருந்திருக்கும்.

"அப்படிக் கூப்பிடாதீங்கம்மா" என்றுதான் முதலில் சொன்னார். பிறகுதான் நான் சொன்னது அவர் காதில் ஏறியது. "சோறா? எவ்வளவு? எப்பங்க?" என்று பதறிக்கொண்டே போனை எடுத்தார். "நாங்க ஒரு கைப்பிடிக்கு மேல வெக்கமாட்டமேங்க. சோறு உள்ள போயிப் புளிச்சுப் போகுமுங்க."

டாக்டர் போனில் சொன்னபடி ஆப்பசோடாவைத் தண்ணீரில் கரைத்து, பாட்டிலில் ஊற்றிப் புகட்டினார்கள். அந்தப் பெண் வாயைப் பிளந்து பிடித்தாள். பாதி உள்ளே போனது, பாதி வழிந்தது. டாக்டர் முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்து ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினார். யாரையும் குற்றம் சொல்லாமல், தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்று சொன்னார். "காலையிலேயே தெரிஞ்சிருந்தா ஒரு கை பாத்திருக்கலாம்."

பன்னிரண்டு மணிக்குக் கெடேரி போய்விட்டது. கால்களை ஒரு தரம் நீட்டியது, அவ்வளவுதான். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் வயிற்றுக்குள் கன்று அசைந்தது. எல்லாரும் பார்த்தோம். அதையும் எழுதாமல் விட்டால் நான் எதற்கு எழுதுகிறேன்? அப்புறம் அதுவும் நின்றது.

தோப்பு ஓரத்தில் பொக்லைன் வைத்துக் குழி தோண்டினார்கள். அந்தப் பெண் கெடேரியின் நெற்றி வெள்ளையில் மஞ்சள் பூசி, பொட்டு வைத்தாள். குழிக்குள் இறக்கி, கல் உப்பு ஒரு மூட்டை கொட்டினார்கள். மகன் தோட்டத்துக்காரரிடம் போய் ஏதோ கொடுக்கப் பார்த்தான். அவர் அவன் கையைப் பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். "அம்மா ஒன்னும் வேணும்னு பண்ணலீங்களே. தெரியாமச் செஞ்சது. அவங்களைத் திட்டிப் போடாதீங்க" என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. தோட்டத்து அம்மா என்னை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, "நாங்களுந்தான் அண்டாவைப் பாத்தும், மாட்டுக்கு வெக்காதீங்கன்னு சொல்லாம உட்டுட்டோம்" என்று என் பாரத்தில் பாதியைத் தன் தலையில் எடுத்துக்கொள்ளப் பார்த்தார்.

எல்லாரும் மன்னித்துவிட்டார்கள் பாருங்கள். மாடு பார்க்கிற அந்த ஒரு பெண்ணிடம் மட்டும் நான் அதுவரை பேசவில்லை. கிளம்புவதற்கு முன்னால் தேடிப் போனேன். கட்டுத்தரையில் தனியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"கண்ணு, என்னை மன்னிச்சுப்போடு கண்ணு. எனக்குத் தெரியலை" என்றேன்.

விளக்குமாற்றைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"சோறு போட்டதை நான் ஒன்னுமே சொல்லலீங்கம்மா. நானா இருந்தாலும் கொட்ட மனசு வராது" என்றாள். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள். "காலையில நான் பேச்சு வாங்கறப்ப நீங்க அந்தக் கல்லு மேலதானுங்களே உக்காந்திருந்தீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற மாதிரி கேட்டாள். "ஆமா கண்ணு" என்று மட்டும் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். முந்தின நாள் என்னோடு சேர்ந்து கூட்டின அதே தரையை அவள் ஒருத்தியாகக் கூட்டினாள். எனக்கும் ஒரு விளக்குமாறு அங்கேதான் கிடந்தது. அதைத் தொட எனக்கு யோக்கியதை இல்லை.

திரும்பி வரும்போது பொள்ளாச்சியைத் தாண்டினோம். அப்புறம் பேத்திதான் மெதுவாக, "ஆயா, நான் சொல்லியிருக்கணுமா?" என்று கேட்டாள். பத்து வயசுப் பிள்ளை அதை நினைத்துக்கொண்டே வந்திருக்கிறது. "சொல்லணும்னுதான் வந்தே கண்ணு. உன் வாயை அடைச்சது நாந்தான். உம் மேல ஒன்னுமில்லை" என்றேன். முன்னால் இருந்து மகன் திரும்பிப் பார்த்தான். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மருமகளுக்குத் தெரிந்தவர்கள், அக்கம்பக்கத்துக்காரர்கள், கேட்கிறவர்கள் எல்லாரும் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். தெரியாமல் செய்ததற்கு என்ன பாவம் என்கிறார்கள். நானும் சரி சரி என்று தலையாட்டுகிறேன். சோறு கொட்டினது தெரியாமல் செய்ததுதான். ஆறு மணியிலிருந்து பத்து மணி வரைக்கும், ஒருத்தி என் எதிரிலேயே பேச்சு வாங்க, வாயை மூடிக்கொண்டு இருந்ததை நான் தெரிந்தேதான் செய்தேன். வாயில்லாத ஜீவன் என்று மாட்டைத்தான் சொல்வோம். அன்று காலையில் அந்தக் கட்டுத்தரையில் வாய் இருந்தும் பேசாமல் இருந்தது நான் ஒருத்திதான் என்பதை, எத்தனை பேர் மன்னித்தாலும், என்னால் எனக்குள் மன்னிக்க முடியவில்லை.